மெர்வினின் மேலுதடு

மெர்வின் பேட்ஃபீல்டுக்கு எங்கள் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பஸ் ஓட்டும் யாருக்குமே ஆகாது. தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறோம் என்று வந்து இறங்கினால், நல்ல தெருவாகப் பார்த்து வளைத்துப் போட்டுக்கொள்வோம். சாலையின் மஞ்சள் கோடுகள் தெரியாமல் சரளை மண்ணைக் கொட்டுவோம். குதிரை வண்டிகளை விடுவோம். பஸ்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு மேடு ஏற வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போகிற கிழவிகள் எல்லாம் எங்களை விட்டுவிட்டு டிரைவரைத் திட்டுவார்கள்.

நான் அவரை முதலில் பார்த்ததே ஒரு வாய்ச் சண்டையில்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். தலைக்கு முன்னால் மீசை வந்தது. உதட்டையே மூடிக்கொண்டு இறங்கும் அடர்ந்த மீசை.

"ஏன் அம்மணி, இத்தனை குதிரை நிக்குதே, சாணி எங்க? அந்தக் காலத்துல தெரு இப்படியா பளபளன்னு இருந்துச்சு?"

"சாணி மத்தியானம் வருது. நீங்க வண்டிய எடுங்க," என்றேன்.

"வந்ததும் சொல்லியனுப்புங்க. என் ரோஜாச் செடிக்கு வேணும்."

மனுஷன் சொன்னது சரிதான் என்பதுதான் எனக்கு எரிச்சல். சாணி வேண்டும் என்று காலையிலேயே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.

என் வேலை தலையும் முகமும். ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, மகன் பொறுப்பேற்று ஆண்ட காலம் ஒன்று இருந்தது. ரீஜென்சி காலம் என்பார்கள். மார்புக்குக் கீழேயே இடுப்பு தொடங்கிவிடும் கவுன்களைப் பெண்கள் போட்ட காலம். அந்தக் காலத்துத் தொடர் எதுவாக இருந்தாலும் பாத்துக்கு வராமல் இருக்காது. வந்தால் முடி அலங்காரத்துக்கும் ஒப்பனைக்கும் என்னைக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டுவிட்டு வருத்தப்படுவார்கள். என் வாய் சும்மா இருக்காது. கல்யாண வயதுப் பெண் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே போகமாட்டாள் என்பேன். உள்சட்டை இல்லாமல் வெறும் உடம்பில் யாரும் கச்சை கட்டமாட்டார்கள், தோல் உரிந்துவிடும் என்பேன். அந்தக் கவுனில் இடுப்பே தெரியாதே, அப்புறம் எதற்குக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டக் கச்சையை இறுக்குகிறீர்கள் என்பேன். இயக்குநர்கள் பொறுமையாகத் தலையாட்டுவார்கள். அடுத்த காட்சியில் நாயகி முடியை விரித்துப் போட்டுக்கொண்டு குன்றின் மேல் காற்று வாங்குவாள்.

நாயகியிடம் செல்லாத சரித்திரம் கடைசியில் துணை நடிகர்கள் தலையில்தான் விடியும். கடைசி வரிசையில் நிற்கிறவளின் நகப்பூச்சை நான் சுரண்டி எடுப்பேன். கழுத்தில் பச்சை குத்தியவனுக்குக் காலரை ஏற்றிக் கட்டுவேன். அவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பேசினால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மெர்வினின் மனைவி கிளெனிஸ் வேல்ஸ்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு மசித்து மசித்துத் தோள் இரண்டும் நல்ல பலம். ஞாயிற்றுக்கிழமை வரும் சரித்திரத் தொடர் ஒன்றைக்கூட விடாமல் பார்த்து வளர்ந்தவள். அவற்றில் வருகிற மாதிரி ஒரு நடன அறையில், அந்த மாதிரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒரே ஒரு தடவை ஆடிவிட வேண்டும் என்று சிறுமியாக இருந்தபோதிலிருந்து அவளுக்கு ஆசை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று எதிரெதிரே நின்று ஆடும் அந்தக் காலத்து நடனத்தைத் தேவாலயக் கூடத்தில் திங்கள்கிழமைதோறும் சொல்லித் தந்தார்கள். புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள். முனகிக்கொண்டே போனவர் நன்றாகவே ஆடத் தொடங்கிவிட்டார். நெரிசலில் இடிக்காமல் திரும்புவது பஸ் டிரைவருக்குப் புதிதா என்ன.

எங்கள் தொடருக்கு நடனம் தெரிந்த ஜோடிகள் வேண்டும் என்று ஆள் எடுக்கிறவர்கள் அந்தக் கூடத்துக்குப் போனார்கள். இந்த இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். கிளெனிஸ் பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். கஸ்டர்ட் வாங்க வந்த பிள்ளைகளிடம்கூட.

படப்பிடிப்பு அன்று காலையில், கிளெனிஸ் உடைமாற்றும் கூடாரத்தில் இருந்தபோது, மெர்வின் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"கிருதாவ என்ன வேணா பண்ணிக்குங்க அம்மணி. மீசையில மட்டும் கை வைக்காதீங்க."

"ஆம்பளைங்க எல்லாரும் மழிச்சுட்டு வரணும்னு சொல்லியிருந்தோமே?"

"சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல."

"1813-ல இங்க மீசை வச்சிருந்தவன் யாருன்னு தெரியுமா? ஒண்ணு ஹுஸ்ஸார் குதிரைப்படைக்காரன். இல்லன்னா வெளிநாட்டுக்காரன்."

"அப்ப நான் வெளிநாட்டுக்காரன். பொறந்தது பக்கத்து ஊரு ராட்ஸ்டாக்ல. பாத் ஆளுங்களுக்கு அது வெளிநாடுதான்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் நாயகன் காப்பிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றான். முகத்தில் மூன்று நாள் தாடி. ரீஜென்சி காலத்துக் கனவான் அப்படி ஒரு முகத்தோடு தன் வீட்டு வேலைக்காரன் முன்னால்கூட நிற்கமாட்டான். அதற்காக இயக்குநர் ஜூலியனோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். 'தாடி இருந்தாத்தான் பார்க்கிறவங்களுக்குப் பிடிக்குது ரோஸ்லின்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

மெர்வின் நாயகனைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.  

"அது மீசை மட்டும் இல்ல," என்றார் கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி. "உள்ள ஒண்ணு இருக்கு. பொறக்கும்போதே உதடு ரெண்டாப் பொளந்திருந்துச்சு. குழந்தையிலேயே தைச்சாங்க. தைச்சது நேரா அமையல. பள்ளிக்கூடத்துல என் பேரே முயல். வாத்தியார்கூட ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டாரு. மொளைக்க ஆரம்பிச்ச அன்னிலேருந்து இத வளக்கறேன். கிளெனிஸைப் பாத்தப்பவும் இது இருந்துச்சு, கல்யாணத்தன்னிக்கும் இருந்துச்சு. அவ பாத்ததே இல்ல."

"பாத்ததே இல்லையா?"

"இல்ல. இன்னிக்கு இத்தன பேர் முன்னால பாக்க வேண்டாம்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சரித்திரத்துக்காக நான் யாரோடும் சண்டை போடுவேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் முயல் என்று கூப்பிடப்பட்ட ஒருவரின் உதட்டோடு எப்படிச் சண்டை போடுவது?

நேராக உடைப் பிரிவுக்குப் போனேன். அங்கே தலைவி ஹெஸ்டர். வாயில் எப்போதும் ஊசி இருக்கும், அதனால் அவளிடம் நல்ல வார்த்தை வர நேரம் ஆகும். "ஹுஸ்ஸார் சட்டை ஒண்ணு குடு. மீசை வச்ச ஒருத்தரைச் சரியானபடி உள்ள கொண்டு போகணும்," என்றேன்.

இருந்த சட்டை இருபது வயதுப் பையனுக்குத் தைத்தது. வெள்ளிச் சரிகையும் வரிசை வரிசையாகப் பொத்தான்களுமாக அழகாகத்தான் இருந்தது. மெர்வினின் வயிற்றுக்கும் அந்தப் பொத்தான்களுக்கும் நடுவே ஒரு சாண் தூரம். ஹெஸ்டர் முதுகுப் பக்கம் பிரித்துவிட்டு ஊக்குகளைப் போட்டாள்.

"சுவரோரமா நிக்கணும். திரும்பக் கூடாது, குனியக் கூடாது. ஆடறதப் பத்தி நெனைக்கவே கூடாது," என்றாள்.

"அப்ப கிளெனிஸ்?" என்றார் மெர்வின்.

"அவங்களுக்கு வேற ஜோடி போட்டுடறோம். உபரியா ஒரு பையன் இருக்கான். நல்லா ஆடுவான்."

மெர்வின் மெதுவாகத் தலையாட்டினார். முகத்தைப் பார்த்தால் தப்பித்த மனிதரின் முகம் மாதிரியும் இல்லை.

ஒத்திகை தொடங்கியது. இளநீல கவுனில் கிளெனிஸ் வந்து நின்றாள். முடியை உயரத் தூக்கி நான்தான் கட்டியிருந்தேன். புருஷன் சுவரோரம் ராணுவக்காரனாக நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனாள். தனக்கு வைத்திருந்த கோட்டு சின்னதாகப் போய்விட்டது, வேறு வழியில்லை என்று ஏதோ பொய் சொன்னார். சரி என்றாள். அந்தப் பையன் நல்ல உயரம், மரியாதையான பிள்ளை, ஒரு அடிகூடப் பிசகவில்லை. கிளெனிஸும் பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவள் கண் சுவருக்குத்தான் போனது. வாயை இறுக்கிக்கொண்டு, சமையலறையில் தட்டுகளை எண்ணுகிற மாதிரி ஆடினாள். சிறுமியாக இருந்தபோதிலிருந்து கேட்டது கிடைத்தும் அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை. 

ஒத்திகை முடிந்து எல்லோரும் டீக்குப் போனார்கள். நான் சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஊக்குகள் குத்த, மரப்பலகை மாதிரி நிமிர்ந்தபடி மெர்வின் வந்து உட்கார்ந்தார்.

"கத்திய எடுங்க அம்மணி."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா எந்திரிச்சு ஓடிடுவேன். எடுங்க."

முதலில் கத்தரிக்கோல், பிறகு வெந்நீர்த் துணி, பிறகு சோப்பு, கத்தி. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை நாற்காலியின் பிடியை விடவே இல்லை. மழித்து முடித்துத் துடைத்தபோது தெரிந்தது. மூக்கின் ஒரு பக்கம் லேசாக அமுங்கி, அங்கிருந்து உதடு வரைக்கும் கோணலாக ஒரு தையல் வடு. அவ்வளவுதான். இதற்காகவா ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் சூப் குடிக்கும்போது மீசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுகிற ரகம் இல்லை.

கண்ணாடியைக் காட்டப் போனேன். வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"மெழுகு வச்சு மூட முடியுமா?"

"முடியும். அத்தனை விளக்குக்குக் கீழ ஆடினா வேர்க்கும், உருகி வழியும். அப்ப எல்லாரும் அதத்தான் பாப்பாங்க." பிறகு கையில் இருந்த துணியை எறிந்துவிட்டுச் சொன்னேன்: "இங்க பாருங்க மெர்வின். அந்தக் காலத்துல பெரியம்மை வராத வீடு கிடையாது. சண்டைக்குப் போன வீட்டுல வெட்டு வாங்காத ஆள் கிடையாது. உண்மையான நடன அறையில பாதி முகத்துல வடு இருந்திருக்கும். இங்க பாத்தீங்கன்னா, எல்லாருக்கும் விளம்பரத்துல வர்ற மாதிரி பல்லு, வெண்ணெய் மாதிரி தோலு. நானும் இத்தனை வருஷமா பொத்தானையும் கொண்டையையும் பாத்துட்டிருக்கேன். அந்த அறையிலேயே காலத்துக்குப் பொருத்தமான முகம் இன்னிக்கு உங்க முகம் ஒண்ணுதான்."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"நான் எப்பவாவது யாருக்காவது ஆறுதல் சொல்லிப் பாத்திருக்கீங்களா?"

அதற்கு அவர் சிரித்தார். சிரித்தபோது அந்த உதடு ஒரு பக்கமாக ஏறிக்கொண்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஹெஸ்டர் முதலில் அவருக்கென்று வைத்திருந்த கறுப்புக் கோட்டையே மாட்டிவிட்டாள். கழுத்துத் துணியை அவள் கையாலேயே கட்டினாள். நெற்றி வியர்வையை ஒற்றுகிற சாக்கில் நானும் கூடவே நடன அறைக்குள் போனேன். கிளெனிஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே அந்தப் பையன் விலகிக்கொள்ள, மெர்வின் போய் நின்றார். கையைத் தூக்கி வாயை மறைக்கப் பார்த்தார், பாதியில் இறக்கிவிட்டார்.

கிளெனிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மன்னிக்கணும் சார். இந்த எடத்துல என் புருஷன் நிக்க வேண்டியது. பெரிய மீசை வச்சிருப்பாரு. எங்கயாவது பாத்தீங்களா?"

மெர்வினுக்குச் சிரிக்க வரவில்லை. கீழே பார்த்துக்கொண்டே, "இதான் கிளெனிஸ். இத்தனை நாளா மறைச்சது இதத்தான்," என்றார்.

"மறைச்சியா? யார்கிட்ட? மொத மொத முத்தம் குடுத்தியே, பஸ் நிலையத்துக்குப் பின்னால, மழையில. அப்பவே தெரியும். உதட்டோட உதடு வச்சவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நீயாச் சொல்லுவேன்னு காத்திருந்தேன். அதுக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு."

வயலின் தொடங்கியது. நான் ஓடி வந்து கேமராவின் படம் தெரியும் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்த நடனத்தில் ஜோடிகள் ஒவ்வொரு சுற்றிலும் வரிசையில் ஓரிடம் நகர்வார்கள். கடைசி இடத்துக்கு வந்துவிட்ட ஜோடி ஒரு சுற்று ஆடாமல் காத்து நிற்க வேண்டும். மெர்வினும் கிளெனிஸும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் நான் அதைப் பார்த்தேன். கிளெனிஸ் வலது கையுறையை உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்கு மேல் வரும் வெள்ளைக் கையுறை, அவசரத்தில் வராது. அவள் நிதானமாக உரித்து, அதை மெர்வினின் கோட்டுப் பைக்குள் திணித்தாள். பிறகு வெறும் கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

நடன அறையில் கையுறையைக் கழற்றுவதா? சாப்பாட்டு மேசை வரும் வரைக்கும் ஒருத்தியும் கழற்றமாட்டாள். கையுறை ஹெஸ்டரின் கவலை, என்னுடையது இல்லை. ஆனால் அப்படி ஒரு தப்பைப் பார்த்துவிட்டு நான் கத்தாமல் இருந்ததே கிடையாது. வாயைத் திறந்தால் படப்பிடிப்பு நிற்கும். ஹெஸ்டர் அப்போது நாயகியின் ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலியன் நாயகனின் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

கிளெனிஸ் கட்டைவிரலால் அந்த வடுவை மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினாள். அடுத்த சுற்று தொடங்கியதும் இருவரும் ஆடப் போய்விட்டார்கள். "கட், அருமை," என்றான் ஜூலியன். நாயகனுக்குச் சொன்னது.

தொடர் வெளியான ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கிளெனிஸ் வெள்ளரிக்காய் சாண்ட்விச் செய்து வைத்திருந்தாள். மகளும் மருமகனும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மெர்வின் மீசையைத் திரும்ப வளர்க்கவில்லை. தினமும் காலையில் மழித்துக்கொண்டுதான் வண்டி எடுக்கிறார். பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் உதட்டைக் காட்டி என்ன ஆச்சு என்று கேட்டாளாம். சின்ன வயசுல தைச்சது என்றாராம். ஓ என்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாளாம். "அவ்வளவுதான் கேட்டா ரோஸ்லின். இதுக்கா இத்தன வருஷம் பயந்தேன்?" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

நடனக் காட்சி வந்தது. முன்னால் நாயகனின் தாடி, மயிர்க்கால் மயிர்க்காலாகத் தெரிந்தது. பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஒரு பிடரியும் கறுப்புக் கோட்டின் முதுகும். மெர்வின்தான். முகம் தெரியவே இல்லை. ஒரு வெறும் கை மட்டும் எழும்பி வந்து அந்த முகத்துக்கு முன்னால் மறைந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "இந்த முதுகுக்கா உங்க மீசைய எடுத்தேன்? முதுகுக்கு மீசை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"விடுங்க அம்மணி," என்றார் மெர்வின். "பாக்க வேண்டியவ பாத்துட்டா. அதுக்கு நான் உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

எனக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு. ஒரு சாண்ட்விச்சை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான். அன்றைக்குப் பிறகு துணை நடிகர் ஒருவரின் மச்சத்தையும் தழும்பையும் நான் மூடியதில்லை. முகங்களைப் பார்த்தே பிழைக்கிறவளுக்கு முகம் என்றால் என்ன என்று அவர்தான் காட்டினார்.

மறுநாள் ஹெஸ்டர் போனில் பிடித்துக்கொண்டாள். பார்த்தவர்கள் புகாராக எழுதித் தள்ளுகிறார்களாம். நாயகியின் விரிந்த முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்வரிசையில் ஒரு பெண் கையுறை இல்லாமல் நிற்கிறாள், இதுதான் உங்கள் சரித்திர அறிவா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாம்.

"நீ திரைக்குப் பின்னாடியே நின்னியே. பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"விட்டுட்டேன்."

 "நீயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அதைச் சொல்லத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெர்வினுக்கு முகம் வாடிவிட்டது.

"எங்களால உங்க பேரு கெட்டுதா? பெரிய தப்பா அது?"

"பெரிய தப்புதான்," என்றேன். எனக்குப் பொய் வராது. "1813-ல நடன அறையில எந்தப் பொம்பளையும் அப்படிச் செஞ்சிருக்க மாட்டா."

கிளெனிஸ் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"செஞ்சிருப்பா ரோஸ்லின். எவளோ ஒருத்தி புருஷன் சண்டையிலேருந்து முகத்துல வெட்டோட வந்து, வாய மறைச்சுக்கிட்டு எதிர்ல நின்னிருப்பான். உறை போட்ட கையால அத எப்படித் தொடுவா? கழட்டித்தான் இருப்பா. யாரும் எழுதி வைக்கல, அவ்வளவுதான்."

நான் கோப்பையை நீட்டினேன்.